ஏலகிரி முகாமில் முடிந்த கேஸ்

திருப்பத்தூர்
28 ஜூன் 1927

அன்புள்ள அருணகிரிக்கு,

நீ வேலூரில் ஜில்லா ஜட்ஜாக உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிறது என்று கேள்விப்பட்டேன். ஆக்டிங் என்றாலும் ஜட்ஜு ஜட்ஜுதான். என் சட்டையைப் போட்டுக்கொண்டு லா பரீட்சைக்குப் போனவனை இப்போது செஷன்ஸ் கோர்ட்டில் எல்லாரும் எழுந்து நின்று கும்பிடுகிறார்கள் என்றால், அந்தச் சட்டைக்குத்தான் நான் மாலை போட வேண்டும். நானும் உன்னோடுதான் பி.எல். முடித்தேன். ரெவின்யூ வேலையில் கூடாரம் கட்டி, கூடாரம் பிரித்து ஆயுசு போகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஜமாபந்தி. கலெக்டர் துரை போகிற ஊருக்கெல்லாம் நானும் போய், காலையில் கிராமக் கணக்கு, மத்தியானம் மாஜிஸ்திரேட் வேலை, சாயங்காலம் துரையோடு டீ. முதுகு விட்டுப்போயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் கூலித் தகராறு நடந்தது. மார்ச் 19 காலையில் வாசலில் கல்லெறிந்து மேஸ்திரியின் மண்டையை உடைத்துவிட்டார்கள். ஷாப்பு மதராஸ் ஏற்றுமதிக் கம்பெனியுடையது, துரைக்கு வேண்டியவர்கள். போலீஸ் கூலிக்காரர்கள் நாலு பேரைப் பிடித்துக் கொண்டுவந்தது. தேவசகாயம், ஆரோக்கியசாமி, காசி, மூர்த்தி. ஆளுக்கு ஒரு வருஷம் கடுங்காவல் போட்டேன். அப்பீல் உன் கோர்ட்டுக்கு வந்திருக்கிறது. துரை நேற்று என்னைக் கூப்பிட்டு, "அங்கே இருப்பவர் உங்கள் சிநேகிதர்தானே? நல்லது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

தீர்ப்பை உறுதி செய் என்று நான் கேட்கவில்லை. அது உன் புத்தி. விசாரணை நடந்த முறையை மட்டும் ரொம்பக் கிளறாதே. ஆறு வருஷமாக நானும் ஆக்டிங் டிப்டி கலெக்டர்தான். அடுத்த கெஜட்டில் நிரந்தரம் ஆகிவிடும் என்று துரையே சொல்லியிருக்கிறார். இந்த நேரத்தில் மேல் கோர்ட்டிலிருந்து ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தால் கதை முடிந்தது.

மீனாம்பாளுக்கு என் நமஸ்காரம். ராஜம்மாள் உங்கள் இரண்டு பேரையும் மாம்பழத்துக்கு வரச் சொல்கிறாள்.

உன்
முனிரத்தினம்


வேலூர்
1 ஜூலை 1927

முனிரத்தினம்,

உன் கடிதத்தில் "விஷயத்துக்கு வருகிறேன்" என்கிற இடம் வரை சிரித்துக்கொண்டே படித்தேன். அதற்குப் பிறகும் படித்துவிட்டேன், அது என் தப்பு. பாதியில் மடித்திருக்க வேண்டும்.

இன்று காலை கோர்ட்டு கூடியதும் இரண்டு பக்கத்து வக்கீல்களையும் கூப்பிட்டேன். இந்த அப்பீலைப் பற்றித் தண்டனை கொடுத்த மாஜிஸ்திரேட்டே எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார், அவர் என் சிநேகிதர், ஆகவே கேஸை வேறு ஜட்ஜுக்கு மாற்றச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு என்றேன். கடிதத்தைக் கோர்ட்டு சிரஸ்தார் வாசித்தார். தண்டனை பெற்ற நாலு பேருக்கும் ஆஜராகும் நயீம் அகமது, "கடுதாசிய மறைக்காத ஜட்ஜு எங்களுக்குப் போதும்" என்றார். சர்க்கார் வக்கீலும் ஆட்சேபணை இல்லை என்றார். கடிதம் இப்போது கேஸ் கட்டில் இருக்கிறது. அதன் மேல் நம்பர் போட்டாயிற்று.

உனக்குக் கோபம் வரும். வரட்டும், அதற்காக நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. நீ கேட்டது சின்ன உதவி என்று நீ நினைக்கிறாய். ஜெயிலில் நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் எனக்குக் கடிதம் எழுத முடியாது, அந்தச் சட்டைக் கதையும் அவர்களுக்குத் தெரியாது. உன்னோடு நான் ஒரு அறையில் இருந்தேன் என்பதற்காக அவர்கள் உள்ளே இருக்க வேண்டுமா?

நான் ஆக்டிங் ஜட்ஜுதான். தீர்ப்புக்கு ஆக்டிங் கிடையாது.

இனி என்ன வேண்டுமானாலும் எழுது. குடும்பம், மாம்பழம், முதுகுவலி எல்லாம் எழுது. கேஸைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் அது கட்டுக்குப் போகும். இதில் விளையாட்டு இல்லை.

அருணகிரி


திருப்பத்தூர்
6 ஜூலை 1927

கனம் ஜட்ஜு அவர்களுக்கு,

சிரஸ்தார் ரொம்ப நன்றாக வாசித்தாராம். "மீனாம்பாளுக்கு என் நமஸ்காரம்" வரைக்கும் ஒன்று விடாமல் வாசித்தாராம். கோர்ட்டு முழுக்கச் சிரிப்பாம். இங்கே என் டவாலி சேவகனுக்கு எனக்கு முன்னாலேயே சேதி வந்துவிட்டது. இரண்டு நாளாக அவன் என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் வைக்கிறான்.

இருபது வருஷப் பழக்கத்துக்கு நம்பர் போட்டுவிட்டாய். உனக்கு மேலே ஹைகோர்ட்டு இருக்கிறது, அது மதராஸில் எட்டத்தில் இருக்கிறது. எனக்கு மேலே இருப்பவர் பக்கத்துக் கூடாரத்தில் இருக்கிறார். அவரே போலீஸுக்கும் பெரியவர், அவரே மாஜிஸ்திரேட்டுக்கும் பெரியவர். என் லீவு, என் படி, என் மாற்றல் எல்லாம் அவர் பேனாவில் இருக்கிறது. இந்த நாற்காலியில் ஒரு மாசம் உட்கார்ந்துவிட்டு வந்து நியாயம் பேசு. மூன்று வாரத்தில் நீ இவ்வளவு உயரத்துக்குப் போவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ராஜம்மாள் என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். "அவர் இன்னா தப்பு பண்ணிட்டாரு? நீங்க ஏன் எழுதினீங்க?" என்கிறாள். வீட்டிலும் எனக்கு ஆள் இல்லை.

இனி நமக்குள் கடிதம் வேண்டாம்.

முனிரத்தினம்


வேலூர்
9 ஆகஸ்ட் 1927

முனிரத்தினம்,

வேண்டாம் என்றாய், ஒரு மாசம் சும்மா இருந்தேன். இன்று எழுதுவது உன்னைச் சமாதானம் செய்ய இல்லை. கோர்ட்டிலிருந்து உனக்கு ஒரு மெமோ வந்திருக்கும். மே 14, 15 தேதிகளில் உன் முகாம் எங்கே இருந்தது, முகாம் மாறியதை எதிரித்தரப்புக்கு, அதாவது அந்த நாலு பேரின் ஆட்களுக்கு, யார் எப்படித் தெரிவித்தார்கள் என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறது. அதற்குக் கோர்ட்டுக்குப் பதில் சொல், எனக்குச் சொல்லாதே.

என் சேதி ஒன்று சொல்கிறேன், கேள். போன வாரம் துரை என் வீட்டுக்கே வந்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வேலூர் வெயிலைப் பற்றிப் பேசினார், என் தோட்டத்துக் கறிவேப்பிலையைக்கூடப் புகழ்ந்தார். பிறகு மெதுவாக, ஆக்டிங் ஆட்களை நிரந்தரம் செய்வதற்கு முன் சர்க்கார் ஜில்லாவிலிருந்து ரகசிய அபிப்பிராயம் கேட்பது வழக்கம் என்றார். ஆம்பூர் விஷயத்தில் கண்டிப்பு தளர்ந்தால் மற்ற ஷாப்புகளிலும் பேஜார் ஆகும் என்றார். நான் காப்பி கொடுத்தேன். அப்பீலைப் பற்றிச் சர்க்காருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் சர்க்கார் வக்கீல் இருக்கிறார், கோர்ட்டு பத்தரை மணிக்குத் திறக்கும் என்றேன். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் அவர் வந்தது, பேசியது, எழுந்தது எல்லாவற்றையும் ஒரு குறிப்பாக எழுதி இரண்டு வக்கீல்கள் எதிரிலும் சிரஸ்தாரை வாசிக்கச் சொன்னேன். அதுவும் கேஸ் கட்டில் இருக்கிறது, உன் கடிதத்துக்கு அடுத்த நம்பர். துரை என்பதற்காக ஒரு வரியையும் விடவில்லை. இந்தத் தடவை கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை.

மீனாம்பாள் பயப்படுகிறாள். திரும்பவும் சப் ஜட்ஜாக ஏதாவது ஒரு மூலைக்குப் போக வேண்டிவருமோ என்கிறாள். போனால் போகிறது, சப் ஜட்ஜுக்கும் நாற்காலி உண்டு என்றேன். உண்மையில் எனக்குப் பயமில்லை. துரைக்கு அவ்வளவு தூரம் நடந்துவந்து கேட்க வேண்டியிருந்தது பார், அதிலேயே எனக்குத் தெம்பு வந்துவிட்டது. கோர்ட்டு அவர் கையில் இருந்தால் அவர் ஏன் என் வீட்டுப் படி ஏறுகிறார்?

ராஜம்மாளுக்கு என் மரியாதை. அவள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி.

அருணகிரி


திருப்பத்தூர்
20 ஆகஸ்ட் 1927

அருணகிரி,

இந்தக் கடிதம் முழுக்கக் கேஸைப் பற்றியது. தெரிந்தே எழுதுகிறேன்.

உன் மெமோவுக்கு உண்மையான பதிலை எழுதினேன். என் ரிப்போர்ட்டு துரை வழியாகத்தான் போக வேண்டும் என்று வாய்மொழி உத்தரவு. திருத்தி எழுதும்படி திரும்பி வந்தது. மறுபடி எழுதினேன், மறுபடி திரும்பி வந்தது. முகாம் மாறியதை நாட்றம்பள்ளி சாவடிச் சுவரில் சீட்டு ஒட்டித் தெரிவித்தோம் என்று சேர்த்தால் போதுமாம். நேற்று மூன்றாவது தடவை வெள்ளைத்தாள் என் மேஜைக்கு வந்தது. அதன் மேல் பென்சிலால் வாசகம்கூட எழுதியிருந்தது. நான் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம், நாலு பேருக்கு ஜெயில். போடாவிட்டால் என் ரிப்போர்ட்டு வேலூருக்கே வராது. அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. உனக்குச் சொந்தக் கடிதம் எழுதினால் அதை யாரும் திருத்த முடியாது. நீயும் அதை மடித்து வைக்க மாட்டாய்.

எழுதிக்கொள். எதிரித்தரப்பு சாட்சிகளை மே 15 அன்று நாட்றம்பள்ளி முகாமுக்கு வரச் சொல்லி உத்தரவு போட்டது நான். 14 காலையில் துரை வெயில் தாங்கவில்லை என்று ஏலகிரி மேலே போனார். பின்னாலேயே நானும் போனேன். கூடாரம், குமாஸ்தா, கட்டுகள், விலங்கு போட்ட நாலு பேர் எல்லாம் மலைமேல் போயிற்று. யாருக்கும் சொல்லவில்லை. சீட்டு ஒட்டவில்லை. முகாம் போகும் இடத்துக்குக் கட்சிக்காரர்கள் தேடிக்கொண்டு வருவது எங்கள் வழக்கம். வழக்கம் என்பதால் அதில் தப்பு இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. தேடி வந்த நயீம் அகமதுவின் ஜட்கா, மேலே வண்டிப் பாதை இல்லாமல் மலையடிவாரத்தில் நின்றுவிட்டது. 15 மத்தியானம் மூன்று மணிக்கு "எதிரித்தரப்பு சாட்சிகள் ஆஜரில்லை" என்று எழுதித் தீர்ப்பையும் எழுதி முடித்தேன்.

ஐந்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். ஆறு பேர். ராத்திரியே கிளம்பி ஆம்பூரிலிருந்து நாட்றம்பள்ளிக்கு நடை, அங்கே கூடாரம் பிடுங்கிய காலிக் குழிகளைப் பார்த்துவிட்டு விசாரித்து விசாரித்து மலை ஏறியிருக்கிறார்கள். முன்னால் சவுரியம்மாள் என்று ஒரு பெண், பின்னால் மாதா கோயில் உபதேசியார், அடக்கங்களைப் பதிகிற சாவுப் புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு. அந்தப் பெண்ணின் கால் வெடித்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"சாமி, எங்க வூட்டுக்காரர் மார்ச்சு மாசம் பத்தொம்பதாந் தேதி காலையில அடக்கம். பொட்டிய தூக்கினது இந்த நாலு பேருதான். இவங்க எப்டி சாமி ஷாப்பு வாசல்ல கல்லு போட்டிருப்பாங்க?"

"கேஸ் முடிஞ்சிபோச்சும்மா" என்றேன்.

"இன்னா சாமி முடிஞ்சிபோச்சு? நாங்க இன்னும் வாயே தொறக்கலியே."

தீர்ப்பில் நான் அப்போது கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். தாள் என் எதிரில் இருந்தது, மை தொட்ட பேனா கையில் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு அவர்களை விசாரித்திருக்கலாம். அரை மணி ஆகியிருக்கும். பக்கத்துக் கூடாரத்தில் துரை டீக்குக் காத்துக்கொண்டிருந்தார். சேவகனைக் கூப்பிட்டு அவர்களைக் கீழே அனுப்பச் சொன்னேன், கையெழுத்துப் போட்டேன், டீக்குப் போனேன்.

மூன்று மாசமாக எனக்குத் தூக்கம் சரியில்லை. வெட்கமாக இருக்கிறது, அருணகிரி. உன் மேல் நான் கோபப்பட்டதெல்லாம் இந்த வெட்கம்தான் என்று இப்போது தெரிகிறது.

துரை வந்ததையும் நீ கோர்ட்டில் வாசிக்க வைத்தாய் என்று எழுதியிருந்தாய். எனக்குச் செய்ததை அவருக்குச் செய்யாமல் விட்டிருந்தால் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்க மாட்டேன். இதற்கும் நம்பர் போடு. சிரஸ்தாரை உரக்க வாசிக்கச் சொல்.

முனிரத்தினம்


வேலூர்
17 செப்டம்பர் 1927

அன்புள்ள முனிரத்தினத்துக்கு,

தீர்ப்பு சொல்லியாயிற்று, இனி உன்னோடு பேசலாம்.

உன் கடிதத்தை வாசித்தபோது சிரஸ்தாருக்கே குரல் இறங்கிவிட்டது. சர்க்கார் வக்கீல் நேர்மையான மனுஷர், அதை மறுக்க ஒன்றும் இல்லை என்று எழுந்து சொன்னார். விட்டுப்போன ஆறு சாட்சிகளையும் நானே கூப்பிட்டு விசாரித்தேன். உபதேசியார் புத்தகத்தில் அடக்கம் காலை எட்டு மணி என்று இருக்கிறது. மேஸ்திரி மண்டை உடைந்ததும் எட்டு மணி. கல்லறை ஷாப்பிலிருந்து இரண்டு மைல்.

சவுரியம்மாளைச் சர்க்கார் வக்கீல் குறுக்கு விசாரணை செய்தார். நாலு பேரும் அவர்கள்தான் என்று எப்படி அவ்வளவு நிச்சயம் என்றார். அந்தப் பெண் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "புருசன் பொட்டிய யார் தூக்குனாங்கன்னு பொண்டாட்டி மறப்பாளா சாமி? காசியும் மூர்த்தியும் வேற சாமி கும்பிடறவங்க. கோயில் வாசலோட நின்னுடுவாங்கன்னு பாத்தேன். குழி வரைக்கும் வந்தாங்க." அவர் உட்கார்ந்துவிட்டார்.

நாலு பேரையும் விடுதலை செய்தேன். அன்று சாயங்காலமே ஜெயிலை விட்டு வெளியே வந்துவிட்டார்கள்.

இப்போது உன் விஷயம். பத்திரிகையில் பார்ப்பதற்கு முன்னால் என் கையெழுத்தில் பார்த்துக்கொள். பதினோராவது பாராவில் இப்படி எழுதியிருக்கிறேன்: "சாட்சி வரும் பாதையைத் தானே அடைத்துவிட்டு, சாட்சி வரவில்லை என்று எழுதுகிறவர் அன்றைக்கு மாஜிஸ்திரேட் அல்ல, முகாமில் இன்னொரு சாமான். கலெக்டர் பின்னால் கோர்ட்டு நடக்கும் வழக்கம் இருக்கும் வரை இந்தத் தப்பு திரும்பத் திரும்ப நடக்கும்." உண்மையை நீயே முன்வந்து சொன்னாய் என்பதை ஒரே வரியில் எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் எழுதினால் அதை எழுதியது சிநேகிதனாகிவிடும். எழுதும்போது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் எழுதினேன். நகலை ஹைகோர்ட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

நேற்று எனக்கும் ஒரு உத்தரவு வந்தது. அக்டோபர் முதல் தேதியிலிருந்து திரும்பவும் சப் ஜட்ஜு, கடலூர். லீவில் போன ஜில்லா ஜட்ஜு முன்கூட்டித் திரும்புகிறாராம். அப்படித்தான் இருக்கும் என்று மீனாம்பாளிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை. நயீம் அகமது வந்து ரொம்ப வருத்தப்பட்டார். "சாப், ஒரு கேஸுக்காக உங்களை அனுப்பிட்டாங்களே" என்றார். என்னை அனுப்பலாம், அந்தத் தீர்ப்பை அனுப்ப முடியாது என்றேன். மனசார சொன்னேன்.

உனக்கு என்ன ஆயிற்று? எழுது. திட்டியாவது எழுது.

உன்
அருணகிரி


நந்தியால்
4 நவம்பர் 1927

அன்புள்ள அருணகிரிக்கு,

பதினோராவது பாராவை ராஜம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். "சாமான்"னு எழுதிட்டாரா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "சரியாத்தான் எழுதியிருக்காரு" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. திட்ட ஒன்றும் இல்லை.

கெஜட்டில் என் பெயர் வரவில்லை. மாஜிஸ்திரேட் அதிகாரத்தையே பிடுங்கிவிட வேண்டும் என்று துரை எழுதினாராம். மேலே என்ன நினைத்தார்களோ, அதிகாரத்தை விட்டுவைத்து ஆளை மட்டும் கர்நூல் ஜில்லாவுக்குத் தூக்கிப் போட்டார்கள். ஆக்டிங்தான். இனி எந்தக் காலத்திலும் ஆக்டிங்தான் போலிருக்கிறது.

ஜோலார்பேட்டையில் ரயிலுக்குக் காத்திருந்தேன். மூட்டை முடிச்சு, ராஜம்மாள், கூண்டுக்குள் கிளி. பிளாட்பாரத்தில் ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சவுரியம்மாள். ஆவாரம்பட்டை ஏற்றும் கூலி வேலைக்கு வந்தவள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தேன், அவள் நேரே வந்துவிட்டாள்.

"சாமி, கோர்ட்டுல உங்க கடுதாசிய படிச்சாங்க. கேட்டேன்" என்றாள்.

"மன்னிச்சிடும்மா" என்றேன். பிளாட்பாரத்தில் பத்துப் பேர் பார்க்கிறார்கள், டிப்டி கலெக்டர் கூலிப் பெண்ணிடம் கை கூப்புகிறார். அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

"இப்ப எந்த ஊருக்குப் போறீங்க?"

"ரொம்ப தூரம். கர்நூல் பக்கம்."

"அங்கயாவது ஒரே எடத்துல உக்காந்து கேளுங்க சாமி. எங்கள மாதிரி ஜனங்க நடந்துதான் வரணும்" என்றாள். பட்டை மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

இங்கே வந்த முதல் நாளே கச்சேரி வாசலில் தெலுங்கில் பலகை எழுதி மாட்டச் சொன்னேன். மாஜிஸ்திரேட் கேஸ்கள் இந்தக் கட்டடத்தில் மட்டும் விசாரிக்கப்படும், முகாமில் விசாரிக்கப்பட மாட்டாது. குமாஸ்தா, "துரைகாரு ஒப்புக்கோரே", துரை சம்மதிக்க மாட்டாரே, என்று கையைப் பிசைந்தார். மாட்டு என்றேன்.

முந்தாநாள் அதற்குச் சோதனை வந்தது. இந்த ஜில்லா துரை இருபது மைல் தள்ளி முகாம் போட்டிருக்கிறார். கட்டுகளோடு உடனே புறப்பட்டு வரச் சொல்லிக் குதிரைக்காரன் வந்தான். எனக்கு அன்று ஒரு களவு கேஸ். எதிரிக்கு ஒரே ஒரு சாட்சி, மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க் கிழவர், வரவில்லை. வக்கீலும் கிடையாது. இன்று கோர்ட்டு இருக்கிறது, நாளைக் காலையில் கணக்குகளோடு வருகிறேன் என்று பதில் எழுதிக் குதிரைக்காரனிடம் கொடுத்தேன். பயந்துகொண்டேதான் கொடுத்தேன், பொய் சொல்ல மாட்டேன். இரண்டு மணி ஆயிற்று, மூன்று ஆயிற்று. குமாஸ்தா கேஸ் கட்டை மூடட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். நாலு மணிக்கும் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கிழவர் தடி ஊன்றிக்கொண்டு படி ஏறினார். கேஸ் முடிந்துபோயிற்றா என்று வாசலிலேயே கேட்டார்.

இல்லை, உங்களுக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன்.

உன்
முனிரத்தினம்